பெரிய டார்ச்சுக்குச் செல் வாங்கும்போது எம்ஏஹெச் மட்டும் பார்த்தால் போதாது

பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணே, ராத்திரி தோப்பைச் சுற்றி வரவும் மோட்டார் கொட்டகைக்குப் போய் வரவும் 4000 லூமன் வெளிச்சம் தரும் டார்ச் ஒன்று வைத்திருக்கிறேன். 21700 என்ற அளவு லித்தியம் செல் ஒன்று போடுவது. கூடவே வந்த செல் சோர்ந்துவிட்டது. முழு வெளிச்சம் தரும் டர்போ அழுத்தினால் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, தானாகவே மங்கிவிடுகிறது. ஆன்லைனில் அதைவிடச் சின்ன 18650 செல் 9900 எம்ஏஹெச் என்று மலிவாக வருகிறது. டார்ச்சோடு ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் வைத்துப் போடலாமா? இல்லை, 21700-இலேயே 5000 வாங்கட்டுமா? அப்புறம், அப்பாவிடம் பழைய 4 வோல்ட் சார்ஜ் டார்ச் இருக்கிறது. அதில் பேட்டரி செத்துவிட்டது. லித்தியம் செல் போட்டுத் தருகிறேன் என்று ரிப்பேர் கடையில் சொல்கிறார்கள். போடலாமா?”

தம்பி, மூன்றுக்கும் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 9900 என்று எழுதிய 18650 எதையும் தொடாதீர்கள். 21700 வாங்குங்கள், ஆனால் 5000 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அப்பாவின் டார்ச்சில் லித்தியம் போடவே கூடாது. மூன்றாவதில் வீடு பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அதற்கு முன் உங்கள் டார்ச் ஏன் மங்குகிறது என்று பார்ப்போம். அது புரிந்தால் எந்தச் செல் வாங்குவது என்பதும் புரிந்துவிடும்.

செல்லின் மேல் எழுதியிருக்கும் எம்ஏஹெச், உள்ளே எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அந்தச் சேமிப்பை எவ்வளவு வேகமாக வெளியே தர முடியும் என்பது வேறு கணக்கு. அதை ஆம்பியரில் சொல்வார்கள். போர்வெல்லில் தண்ணீர் நிறைய இருந்தாலும் ஒரு இன்ச் குழாய் மாட்டினால் ஒரு இன்ச் தண்ணீர்தானே வரும்? சாதாரண வீட்டு டார்ச்சுக்கு ஒன்று ஒன்றரை ஆம்பியர் போதும், அங்கே எந்தச் செல்லும் வேலை செய்யும். அதிக வெளிச்ச டார்ச்சில் முதலில் இடிப்பது இந்த ஆம்பியர்தான்.

உங்கள் டார்ச்சையே எடுத்துக்கொள்வோம். இன்றைய எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். முழு வேகத்தில் ஓட்டும்போது அதைவிடக் கொஞ்சம் குறையும். 4000 லூமன் என்றால் எல்இடிக்கு 40 வாட். எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் போர்டில் வீணாவதையும் சேர்த்தால் செல்லிலிருந்து 44 வாட் வரை வர வேண்டும். சுமை ஏறிய நேரத்தில் செல் 3.5 வோல்ட்டில் நிற்கிறது என்றால் அது பன்னிரண்டரை ஆம்பியர். செல் இறங்கி 3.2 வோல்ட்டுக்கு வந்த பிறகும் அதே 44 வாட் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 14 ஆம்பியர் இழுக்கும். வோல்ட்டேஜைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்ட் வகை டிரைவர்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும். செல் களைக்கக் களைக்க இன்னும் அதிகமாக இழுக்கும்.

எந்தச் செல்லுக்கும் உள்ளுக்குள் ஒரு மின்தடை உண்டு. பள்ளியில் அகமின்தடை என்று படித்திருப்பீர்கள். அதிக ஆம்பியர் தருவதற்கென்றே செய்த நல்ல ஹை டிரெயின் செல்லில் அது 15 மில்லி ஓம் அளவில் இருக்கும். கொள்ளளவை மட்டும் மனதில் வைத்துச் செய்த செல்லில் 30 மில்லி ஓம் பக்கம் வரும். வயதாகி, வெயிலில் வாடி, பல தடவை அடிமட்டம் வரை காலியான செல்லில் 80 மில்லி ஓம் ஆவதும் உண்டு. இப்போது பெருக்கிப் பாருங்கள். 12.5 ஆம்பியர் ஓடும்போது 15 மில்லி ஓமில் விழுவது 0.19 வோல்ட். 30-இல் 0.38. 80-இல் முழுசாக 1 வோல்ட். சார்ஜ் ஏற்றி 4.1 வோல்ட் காட்டும் செல்லை டார்ச்சில் போட்டு டர்போ அழுத்துகிறீர்கள், அந்த நொடியே அது 3.1-க்கு விழுகிறது. பேட்டரி காலி என்று நினைத்துக்கொண்டு டிரைவர் வெளிச்சத்தைக் குறைக்கிறது. நீங்கள் சொன்ன அறிகுறி அச்சு அசல் இதுதான். டார்ச்சைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இன்னொன்று, அந்த ஒரு வோல்ட் எங்கேயும் மாயமாகப் போவதில்லை, செல்லுக்குள்ளேயே சூடாக மாறுகிறது. 12.5 ஆம்பியரும் 80 மில்லி ஓமும் சேர்ந்தால் 12 வாட்டுக்கு மேல். கட்டைவிரல் பருமனில் இருக்கும் ஒரு உருளைக்குள் 12 வாட் சூடு என்றால் அது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பழைய செல்லை இனி டர்போவில் ஓட்ட வேண்டாம்.

சரி, 5000 வாங்கலாமா என்ற கேள்வி. 5000 எம்ஏஹெச் 21700 எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சாம்சங் 50இ நல்ல செல், ஆனால் அதன் வரம்பு 10 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழேதான். உங்கள் டார்ச் டர்போவில் கேட்பது அதற்கு மேல். அதே நிறுவனத்தின் 50எஸ், 5000-ஐயும் வைத்துக்கொண்டு 25 ஆம்பியர் வரை தரும். தைவான்காரர்களின் மோலிசெல் பி42ஏ 4200 எம்ஏஹெச், 45 ஆம்பியர். பி45பி 4500 எம்ஏஹெச், அதே 45 ஆம்பியர். சாம்சங் 40டி 4000 எம்ஏஹெச், அதுவும் ஹை டிரெயின் வகை. உங்கள் கையில் இருக்கும் டார்ச்சுக்கு நான் முதலில் கை வைப்பது பி42ஏ, இல்லாவிட்டால் 50எஸ்.

“800 எம்ஏஹெச் குறைகிறதே” என்று யோசிப்பீர்கள். இதையும் கணக்குப் போட்டே பார்ப்போம். டர்போ எந்த டார்ச்சிலும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது, தலை சூடேறியதும் தானே இறங்கிவிடும். தோப்பைச் சுற்றும்போது நீங்கள் உண்மையில் பயன்படுத்துவது 800 லூமன் அளவுதான். அதற்குச் செல்லிலிருந்து போவது 9 வாட்டுக்குள். 5000 எம்ஏஹெச் செல் என்றால் 18 வாட் மணி, சுமார் 2 மணி நேரம் எரியும். 4200 செல் என்றால் 15 வாட் மணி, சுமார் 1 மணி 40 நிமிடம். இருபது நிமிடத்தை விட்டுக்கொடுத்தால், பன்றியோ பாம்போ என்று தெரியாமல் நிற்கும் அந்த ஒரு நிமிடத்துக்குத் தேவையான முழு வெளிச்சம் கிடைக்கும். எனக்கு இது நியாயமான பேரமாகத்தான் படுகிறது. டர்போவைத் தொடாமல் 300 லூமனிலேயே ராத்திரி முழுவதும் காவல் இருப்பவர் என்றால் கதை வேறு, அவருக்கு 50இ தான் சரியான செல்.

18650-ஐ அந்தப் பிளாஸ்டிக் குழாயில் வைத்துப் போடுவது அவசரத்துக்கு மட்டும். 18650 என்பது 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளை. 21700 என்பது 21 மில்லிமீட்டர், 70 மில்லிமீட்டர். பெயரிலேயே அளவு இருக்கிறது. நல்ல 3500 எம்ஏஹெச் 18650 செல்கள் 8 அல்லது 10 ஆம்பியரோடு நின்றுவிடும். சாம்சங் 30க்யூ மாதிரி 3000 எம்ஏஹெச் செல் 15 ஆம்பியர் தரும். கடையில் 21700 கிடைக்காத நேரத்தில் குறைந்த வெளிச்சத்தில் ஓட்ட அந்தக் குழாய் உதவும், அவ்வளவுதான்.

9900 விஷயத்துக்கு வருகிறேன். அந்த அளவு உருளைக்குள் நல்ல கம்பெனிகள் அடைப்பது பெரும்பாலும் 3500-ஐ ஒட்டித்தான். ஒன்றிரண்டு செல்கள் 4000 வரை போகின்றன. 9900-க்கு அதில் இடமே கிடையாது. உள்ளே இருப்பது 1000, 1200 தரும் கழிவுச் செல்லாக இருக்கும். மோசமான சரக்கில் பெரிய கூட்டுக்குள் சின்னச் செல் ஒன்றை வைத்து மிச்ச இடத்தில் ஏதோ தூளை அடைத்திருப்பார்கள். கொள்ளளவு ஏமாற்று என்பதுகூடப் பரவாயில்லை, காசோடு போகும். ஆனால் உள்ளே பிரிப்பான் படலம் எப்படி இருக்கிறது, அழுத்தம் ஏறினால் திறக்க வேண்டிய வால்வு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அதை டார்ச் என்ற மூடிய அலுமினியக் குழாய்க்குள் போட்டு 12 ஆம்பியர் இழுப்பதுதான் பயம். உள்ளே வாயு கிளம்பினால் போக வழி இல்லை. முகத்துக்கு நேரே பிடித்திருக்கும் பொருள் அது.

அப்படியானால் நல்ல செல்லை எப்படி அடையாளம் காண்பது? இங்கேதான் நம் ஊரில் பெரிய சிக்கல். சாம்சங், எல்ஜி மாதிரி நிறுவனங்கள் இந்தச் செல்களைத் தனித்தனியாகக் கையில் விற்பதற்கென்று செய்வதில்லை, பேட்டரி பேக் செய்பவர்களுக்கே கொடுக்கின்றன. நமக்குக் கிடைப்பது கைமாறி வருவது. அதோடு மின்சார ஸ்கூட்டர் பேக்கிலும் லேப்டாப்பிலும் பிரித்தெடுத்த செல்லுக்குப் புது உறை போட்டு விற்பதும் நடக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, கையில் வந்ததும் இதைச் செய்யுங்கள்.

முதலில் எடை. தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்துப் பாருங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நல்ல 18650 என்றால் 45-இலிருந்து 50 கிராம். 21700 என்றால் 70 கிராமை ஒட்டி. முப்பது, முப்பத்தைந்து கிராம் காட்டும் 18650 என்றால் அங்கேயே முடிந்தது, திருப்பி அனுப்பிவிடுங்கள். எடை சரியாக இருந்தால் மட்டும் நல்ல செல் என்று அர்த்தமில்லை, அது முதல் வடிகட்டி.

அடுத்து இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதுச் செல்லின் அடிப்பாகம் மழமழவென்று ஒரே சீராக இருக்கும். பேக்கிலிருந்து பிய்த்த செல்லில் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் வைத்த சின்னச் சின்னப் புள்ளிகள் இரண்டு நான்காகத் தெரியும். அதை மறைக்க கிரைண்டரில் தேய்த்திருந்தால் வட்ட வட்டமாகக் கீறல் ஓடும். பாசிட்டிவ் முனையில் வெள்ளைக் காகித வளையம் ஒன்று இருக்க வேண்டும். அது நசுங்கியோ விலகியோ இருந்தால் வேண்டாம். இந்த வளையம் ஏன் முக்கியம் என்றால், இந்த உருளையின் உடம்பு முழுவதுமே நெகட்டிவ். மேலே தெரியும் பாசிட்டிவ் தட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள நெகட்டிவ் விளிம்புக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கிறது. அந்த இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறை கிழிந்து, டார்ச்சின் உலோகம் உரசினால் நேராக ஷார்ட்தான். சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் செல்லைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்பதும் இதற்காகத்தான். ஒரு செல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதில்லாமல் எடுத்துப் போகாதீர்கள்.

மூன்றாவது மல்டிமீட்டர். புதுச் செல் கம்பெனியிலிருந்து முழு சார்ஜில் வராது, 3.4, 3.5, 3.6 வோல்ட் என்று ஏதாவது காட்டும். 2.5-க்குக் கீழே இருந்தால் ஏற்க வேண்டாம். சார்ஜ் செய்து 4.2 ஆனதும் எடுத்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து அளந்து பாருங்கள். 4.15 பக்கம் நின்றால் நல்லது. சும்மா வைத்திருந்தே 4-க்குக் கீழே வழிந்திருந்தால் அந்தச் செல்லுக்குள் கசிவு இருக்கிறது. கொள்ளளவை அளந்து காட்டும் சார்ஜர்கள் இப்போது கிடைக்கின்றன. இரண்டு மூன்று டார்ச் வைத்திருப்பவர்கள் அப்படி ஒன்று வாங்கிவிடுவது நல்லது, செல் வயதாவது முன்கூட்டியே தெரியும்.

இந்திய முத்திரையையும் பாருங்கள். லித்தியம் செல்களுக்கு ஐ.எஸ். 16046 தரப்படி பதிவு கட்டாயம். அந்த எண்ணும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உறையிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். முத்திரையைப் போலியாக அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் முத்திரையே இல்லாத சரக்கை எதற்கு வாங்க வேண்டும்?

இன்னொரு வழி, டார்ச் கம்பெனியே தன் பெயரில் விற்கும் செல்லை வாங்குவது. விலை கூடுதல்தான். ஆனால் சில டார்ச்சுகளில் பாசிட்டிவும் நெகட்டிவும் ஒரே முனையில் இருக்கும் தனி வகைச் செல்தான் வேலை செய்யும், அங்கே வேறு வழியே கிடையாது. செல் வாங்கும் முன் உங்கள் பழைய செல்லை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 70 மில்லிமீட்டர் என்றால் உள்ளே பாதுகாப்புப் பலகை இல்லாத வெறும் செல். 75, 76 என்றால் அடியில் பலகை வைத்த புரொடெக்டட் செல். டார்ச்சின் குழாய் நீளம் எதற்குச் செய்ததோ அதுதான் ஒழுங்காகப் பொருந்தும். குட்டையானதைப் போட்டால் ஆட்டத்தில் தொடர்பு விட்டு விட்டு எரியும். நீளமானதைத் திருகித் திணித்தால் ஸ்பிரிங் நசுங்கும், செல்லின் அடியிலும் பள்ளம் விழும். பாசிட்டிவ் முனை தட்டையா, பொத்தான் மாதிரி மேடா என்பதையும் கவனியுங்கள். செல்லைத் திருப்பிப் போட்டால் எரிந்துவிடாமல் இருக்கச் சில டார்ச்சுகளில் தொடுமுனையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்திருப்பார்கள். அதில் தட்டை முனை தொடவே தொடாது. குட்டிக் காந்தம் ஒன்றை நடுவில் வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நகர்ந்து விளிம்பைத் தொட்டால் ஷார்ட், செய்யாதீர்கள்.

பாதுகாப்புப் பலகை வைத்ததா, வைக்காததா? பலகை உள்ள செல்லில் அதிக கரண்ட் ஓடினால் அதுவே துண்டித்துவிடும், அடிமட்டம் வரை காலியாகாமலும் தடுக்கும். ஆனால் அதன் வரம்பு 8 ஆம்பியர் என்றால் உங்கள் டார்ச்சில் டர்போ அழுத்தியதும் பட்டென்று அணைந்துவிடும். 15 ஆம்பியர் வரை விடும் பலகை உள்ள 21700 கிடைக்கிறது. டார்ச்சில் பொருந்தினால் வீட்டில் பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் டார்ச்சுக்கு அதையே போடச் சொல்வேன். நீங்கள் மட்டும் கையாளும் டார்ச், அதிலேயே செல் இறங்கியதும் தானாக அணைக்கும் லோ வோல்ட்டேஜ் கட் ஆஃப் இருக்கிறது என்றால் வெறும் ஹை டிரெயின் செல் போதும்.

மூன்று நான்கு செல் போடும் டார்ச் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கும் வகையில், எல்லாச் செல்லும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வோல்ட்டேஜில் இருப்பவை என்று இருக்க வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் வலுவற்ற செல் முதலில் காலியாகிவிடும். மற்றவை அதன் வழியாகத் தொடர்ந்து கரண்டைத் தள்ளி அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யும், டார்ச் வெடிப்பதில் ஒரு முக்கியக் காரணம் இதுதான். பக்கம் பக்கமாக வைக்கும் வகையில் வேறு ஆபத்து. 4.2 வோல்ட்டில் இருக்கும் ஒரு செல்லையும் 3.2-இல் இருக்கும் இன்னொன்றையும் சேர்த்துப் போட்டால் நடுவில் 1 வோல்ட் வித்தியாசம். இரண்டு செல்லின் மின்தடையும் சேர்ந்து 60 மில்லி ஓம் என்றால் சுவிட்ச் போடும் முன்பே 16 ஆம்பியருக்கு மேல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். செல்களில் மார்க்கர் பேனாவால் ‘1’, ‘2’, ‘3’ என்று எழுதி, வாங்கிய மாதத்தையும் குறித்து, எப்போதும் ஒன்றாகவே போட்டு ஒன்றாகவே சார்ஜ் செய்யுங்கள்.

இப்போது அப்பாவின் டார்ச். கிராமத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறதே, பின்னால் இரண்டு பின் நீட்டிக்கொண்டு நேராக சுவரில் செருகும் டார்ச், அதில் இருப்பது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. லித்தியம் செல் 3.7 வோல்ட், இது 4 வோல்ட், கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று ரிப்பேர் கடையில் நினைப்பது புரிகிறது. எரியும்போது வித்தியாசம் தெரியாது, நன்றாகவே எரியும். ஆபத்து சார்ஜ் போடும்போதுதான். 4 வோல்ட் லெட் ஆசிட் என்பது இரண்டு அறை. அது முழுதாகச் சார்ஜ் ஏற ஒவ்வோர் அறைக்கும் 2.4 வோல்ட், ஆகமொத்தம் 4.8 வோல்ட் வரை போக வேண்டும். சாதாரண லித்தியம் செல் 4.2-இல் கட்டாயம் நிறுத்தப்பட வேண்டிய பொருள். அந்த டார்ச்சுக்குள் நிறுத்துவதற்கு எதுவும் கிடையாது. மலிவான டார்ச்சுகளில் சுவர் மின்சாரத்தை ஒரு கெபாசிட்டர் வழியாகக் குறைத்து, டயோடில் திருப்பி, பேட்டரிக்குத் தள்ளுவார்கள், அவ்வளவுதான் சர்க்கியூட். பேட்டரி நிறைந்துவிட்டதா என்று அது பார்ப்பதில்லை. ராத்திரி செருகிவிட்டுக் காலையில் எடுப்பதுதான் நம் வழக்கம். லித்தியம் செல் 4.2-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும், சூடாகும், ஒரு கட்டத்துக்கு மேல் தன் சூட்டிலேயே தான் எரியத் தொடங்கும். ஓலைக் கொட்டகையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. 3.2 வோல்ட் லித்தியம் பாஸ்பேட் செல்லும் அதற்கு ஒத்துவராது, அது நிற்க வேண்டிய இடம் 3.65 வோல்ட்.

அந்த டார்ச்சுக்கு அதே 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியே வாங்கிப் போட்டுவிடுங்கள். அது செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் காலியானதும் சார்ஜ் போடாமல் மாதக்கணக்கில் விட்டதாக இருக்கும். லெட் ஆசிட்டைக் காலியாக வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் பிடிக்காது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு தடவை சார்ஜ் போடச் சொல்லுங்கள். செருகியிருக்கும்போது டார்ச்சைத் திறந்து கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கெபாசிட்டர் வகையில் உள்ளே எந்த இடத்தைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். செலவுக்கு முடியும் என்றால் யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும், லித்தியத்துக்கென்றே செய்த சின்ன டார்ச் ஒன்றை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

சார்ஜ் பற்றியும் கேட்காமலே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லித்தியம் செல்லை 2 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் 21700-க்குப் போதும், அவசரப்பட வேண்டாம். சிமெண்ட் தரையில் வைத்து, ஆள் இருக்கும்போது போடுங்கள். மெத்தை மேலோ துணி மேலோ வேண்டாம். டார்ச்சிலேயே டைப் சி துளை இருந்து, புது போன் சார்ஜரில் இரண்டு பக்கமும் டைப் சி உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜே ஏறவில்லை என்றால் டார்ச் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சில டார்ச்சுகளில் 5.1 கிலோ ஓம் மதிப்புள்ள இரண்டு குட்டி ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டிருப்பார்கள். பழைய சதுர முனை சார்ஜரில் போட்டால் ஏறும்.

லித்தியத்தின் ஆயுளைத் தின்பது சூடு, அதிலும் முழு சார்ஜில் இருக்கும்போது படும் சூடு. அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கொட்டகையிலோ வண்டி டிக்கியிலோ 4.2 வோல்ட்டில் கிடக்கும் செல் ஒரு கோடையிலேயே கணிசமாகச் சோர்ந்துவிடும். பயன்படுத்தாத நாட்களில் 3.7 வோல்ட் அளவில் வைத்து, வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் இந்த விதியை மாற்றிக்கொள்ளுங்கள். நம் கடலூர், புதுச்சேரிக் கடற்கரைக்கு வானிலை எச்சரிக்கை வந்த உடனே எல்லாச் செல்லையும் 4.2 வரை நிரப்பிவிட வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, அதன் பின்னால் தென்பெண்ணை வெள்ளமும் வந்தது. அந்த மாதிரி ராத்திரிகளில் 4000 லூமன் எதற்கும் உதவாது. 100 லூமனில் வைத்தால் ஒரு பி42ஏ 12 மணி நேரத்துக்குமேல் எரியும், ஒரு கூடத்துக்கு அது தாராளம். டார்ச்சை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தைக் கூரையில் அடியுங்கள்.

இதற்கென்றே வீட்டில் இரண்டு ஏஏ செல் போடும் சின்ன டார்ச் ஒன்றும் வைத்திருங்கள். எல்லாக் கரண்டும் போனாலும் பெட்டிக்கடையில் அந்த செல் கிடைக்கும். ஏஏ அளவிலேயே 14500 என்று ஒரு லித்தியம் செல் உண்டு, அது 3.7 வோல்ட். 1.5 வோல்ட் செல்லுக்குச் செய்த டார்ச்சில் அதைப் போட்டால் உள்ளே இருப்பது எரிந்துவிடும். டார்ச்சின் குறிப்பில் இரண்டும் போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டுமே போடுங்கள்.

முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. உப்புக் காற்று முதலில் தின்பது பின்மூடியின் மரையையும் ஸ்பிரிங்கையும்தான். அங்கே படியும் ஒரு சின்னப் பச்சைப் படலம் பத்து ஆம்பியரைத் தடுத்து நிறுத்தப் போதும், நல்ல செல் போட்டும் டார்ச் மங்கலாக எரியும். கரை வந்ததும் டார்ச்சை மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, பிறகு திறந்து, மரையைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். உள்ளே கடல் தண்ணீர் போய்விட்டது என்றால் அந்தச் செல்லை மறுபடி சார்ஜ் போடவே வேண்டாம்.

செத்த செல்லைக் குப்பையில் போடாதீர்கள், முந்திரிச் சருகோடு சேர்த்து எரித்தும் விடாதீர்கள். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரி விற்கும் கடையில் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு.

தம்பி, பி42ஏ அல்லது 50எஸ், இரண்டு செல்லாக வாங்குங்கள், ஒன்று டார்ச்சில், ஒன்று பெட்டியில். வாங்கும் முன் பழைய செல்லின் நீளத்தையும் முனை தட்டையா மேடா என்பதையும் பார்த்து எழுதுங்கள், டார்ச்சின் மாடல் பெயரையும் சேர்த்து. எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.